எறியாமல் விட்டவன்

"நேமோட்டோ அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாரு." உடை மாற்றும் அறையின் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார் மல்யுத்த ரெஃப்ரி செனோ. "கடைசி எறி வழக்கம்போலத்தானான்னு."

இவாகிரி நிமிரவில்லை. பூட்ஸ் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் கயிற்றைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாக இருந்தன. செனோ கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன், தொரைக்கு வாயில புண்ணா? வந்து கேக்க வேண்டியதுதான?"

"அண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நாயா அலையறேன்."

"வழக்கம்போலத்தான். கொறைச்சு எறிஞ்சான்னா பல்லு வயித்துக்குள்ள போயிடும்னு சொல்லு."

இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஒரு காலத்தில் ஒரே அணி, ஒரே சட்டியில் கறி. இவாகிரி முட்டி உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேமோட்டோ பாதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கம்பெனிக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இவாகிரி முடிந்துபோன ஆள் என்று சொன்னான். அந்தக் கம்பெனியை இழுத்து மூடியதும் வெட்கமில்லாமல் திரும்பி வந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டான். அவன் முன்சீட்டில் உட்கார்ந்தால் இவர் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். இந்தக் காட்சி மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதைக் கம்பெனி முன்னாலேயே முடிவு செய்துவிடும். இன்று ஜெயிக்க வேண்டியவன் நேமோட்டோ. அதில் இவாகிரிக்கு மனத்தாங்கல் இல்லை, தோற்பதும் தொழில்தான். ஆனால் விழுகிற அடி அத்தனையும் நிஜம். ஐம்பது தாண்டியும் அந்த அடியை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிற ஆள் என்பதுதான் அவருடைய பெயர், சோறு, எல்லாமே.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சோற்றுக் கிண்ணம் இடது கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. சோப்பு வழுக்கியது என்று மனைவியிடம் சொல்லிவைத்தார். கழுத்தெலும்பு நரம்பை நசுக்குகிறது, இன்னொரு தடவை பிடரியில் விழுந்தால் நடக்கவே முடியாமல் போகலாம் என்றார் டாக்டர். கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாளே மாலை போட்டு, ஓய்வு மணியடித்து, அழுது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆகிதா நகரில் பனி பெய்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு மதியம் நகராட்சி விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. பெயரை அறிவித்ததும் ரசிகர்கள் வீசிய சிவப்புக் காகிதச் சுருள்கள் ரிங்குக்குள் பறந்து வந்து இவாகிரியின் தோளில் விழுந்தன. மணி அடித்தது. இரண்டு எருமைகள் மாதிரி மோதினார்கள். பிறகு விரல்களைக் கோத்துப் பலம் பார்த்தார்கள். இவாகிரியின் வலது கை நெரிந்தது. இடது கையில் நேமோட்டோவின் விரல்கள் இறுக்கின, தளர்ந்தன, மறுபடி இறுக்கிப் பார்த்தன. அந்தக் கையில் எதிர்ப்பிடி இல்லை. அவன் முகம் மாறியது.

"எப்பலேருந்து?" என்றான் உதடு அசையாமல்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. இவாகிரி பதிலுக்கு நெற்றியால் அவன் மூக்கில் முட்டினார். ரத்தம் வந்தது. கூடம் எழுந்து கத்தியது.

"வாயப் பொத்திக்கிட்டு அடிடா."

அடித்தான். கைவிளிம்பால் மார்பில் வெட்டுவதுபோல அடித்தான். இவரும் அடித்தார். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இருவர் மார்பும் கன்றிச் சிவந்து தோல் கிழிந்தது. ஆனால் அடிகள் எல்லாம் மார்பிலேயே விழுவதை இவாகிரி கவனித்துவிட்டார். எப்போதும் கழுத்தைத் தேடி வருகிற முழங்கை இன்று வழி தெரியாதது மாதிரி தோளோடு நின்றுவிடுகிறது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் யார் எனக்குப் பாவம் பார்க்க? பளாரென்று கன்னத்தில் அறைந்தார்.

"கழுத்துல போடுடா, பொட்டப்பயலே! பயமா இருக்கா?"

"உனக்கு அறிவிருக்கா?" என்று அவன் பல்லைக் கடித்தான்.

கடைசி எறிக்கு நேரமாகிவிட்டது என்று செனோ கண்ணைக் காட்டினார். நேமோட்டோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினான். அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் வளைத்துப் பிடரியில் இறக்குவான், அதுதான் அவன் எறி. இவாகிரி மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் வரட்டும் என்றுதான் இருந்தார்.

கால்கள் தரையை விட்டு எழுந்தன. உச்சியில் ஒரு நிமிஷம் போல உடம்பு அப்படியே நின்றது. பிறகு அவன் இடுப்பைத் திருப்பி, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல அவரைப் பக்கவாட்டில் இறக்கி மேலே படுத்துக்கொண்டான்.

மூன்று எண்ணுவதற்குள் ஒரு தோளாவது எழாவிட்டால் தோல்வி. செனோ தரையைத் தட்டினார். ஒன்று.

எழுந்துவிடுவேன், என்று நினைத்தார் இவாகிரி. கம்பெனி கிடக்கிறது. தோளைத் தூக்குகிறேன், எழுந்து நின்று மறுபடி எறியச் சொல்கிறேன். வலது தோள் நேமோட்டோவின் எடையில் சிக்கியிருந்தது. இடது தோளின் மேல் யாரும் இல்லை. இரண்டு. தூக்கு என்றார். உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் தள்ளினார். அந்தக் கை வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது.

மூன்று.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு, "இதுக்கா காசு குடுத்தோம்?" என்று ஒருவர் கத்தினார். கூடம் முழுக்க ஏச்சு கிளம்பியது. நேமோட்டோ எழுந்து, பூட்ஸை இவாகிரியின் மார்பில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் கெழவனுக்கு இது போதும்! எறிஞ்சு என் முதுகைக் கெடுத்துக்கணுமா?" என்றான்.

காலித்தனம் செய்துவிட்டான் என்று ஜனம் கொதித்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று அவன் தலையில் பட்டுத் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் ரிங் கயிற்றுக்கு அடியில் நுழைந்து இறங்கிப் போனான். இவாகிரியின் கழுத்தைப் பற்றி இனி யாரும் கேட்கமாட்டார்கள். பழி முழுவதையும் அவன் தூக்கிக்கொண்டு போகிறான் என்பது படுத்திருந்தவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியத் தெரியத்தான் வெறுப்பு ஏறியது. கழுத்தை முறித்துப் போட்டிருந்தால்கூட அவனை மன்னித்திருப்பார். இதை எப்படி மன்னிப்பது?

"இ-வா-கி-ரி! இ-வா-கி-ரி!" என்று கூடம் அதிர்ந்தது.

வலது பக்கமாகப் புரண்டு, கயிற்றைப் பிடித்து எழுந்தார். வாசல்வரை போய்விட்ட நேமோட்டோ திரும்பிப் பார்த்தான். இவாகிரி வலது கையால் தன் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அவனுக்கு மட்டும் புரியும் என்று தெரிந்தே அவனை நோக்கிக் காட்டினார். சவால் விடுகிறார் என்று நினைத்து நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள் ஆகிதாக்காரர்கள். பிடியில் மணிக்கட்டு அசையாமல் நின்றது. அதற்கு மேலே விரல்கள் மட்டும் தளர்ந்து தொங்கின.