சிராய்க் காளான்

இலை போட்டாயிற்று. சோறும் வந்துவிட்டது. குழம்புக்குப் பதில் நாங்கள் பார்க்க வந்த பெண் செல்லாத்தாளே வந்து நின்றாள், கையில் ஒற்றைக் காளானோடு.

எனக்குத் தொழில் மாட்டுத் தரகு. கல்யாணத் தரகு கெட்ட பழக்கம். வேலந்தாவளத்து மருதாத்தாளையும் அவள் மகன் சென்னியப்பனையும் வண்டி கட்டி ஒலவக்கோட்டுக்கு அழைத்து வந்தவன் நான்தான். சம்மதமென்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைப்பார்கள். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் முறிந்தது. மருதாத்தாள் இலைமுன் உட்கார்ந்ததுமே எனக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

"ஏனுங்கப்பா, இதைப் புத்துக் காளான்னு சொல்லியா ஆக்கச் சொன்னீங்க?"

ரயிலடியில் மரப்பேட்டை வைத்திருக்கும் பெண்ணின் அப்பா அப்புசாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். புரட்டாசியில் கறி ஆகாது. பேட்டைச் சிராய்க் குவியலில் மழைக்கு வெள்ளை வெள்ளையாய் முளைத்திருந்ததை, ஓசிச் சரக்கென்று காலையில் துண்டு நிறையப் பறித்துச் சமையல்காரியிடம் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

"வெள்ளி ரூபாயைக் கொழம்புல போட்டுப் பாத்தேன் கண்ணு. வெசமிருந்தா கறுத்திருக்கும், கறுக்கவே இல்ல."

"ரூபாய்க்கு வவுறா இருக்குதுங்க? திங்கறது நாமதானுங்களே." காளானைத் தலைகீழாய்ப் பிடித்தாள். "புத்துக் காளானுக்கு மண்ணுக்குள்ள நீளமா வேரு எறங்கியிருக்கும். இதுக்கு அடியில மரத்தூளுதான் ஒட்டியிருக்குது. என்ன காளானுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைப் பரிமாற மாட்டேன். கொழம்பைக் கொட்டிட்டேன்."

சந்தையில் தன் மாட்டின் சொத்தைப் பல்லைத் தானே திறந்து காட்டிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சென்னியப்பன் வெறுஞ்சோற்றைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், மறுபடி சோற்றைப் பார்த்தான்.

மருதாத்தாள் கை நனைக்காமல் எழுந்தாள்.

"வண்டி பூட்டட்டுங்களா அக்கா?" என்றேன்.

"எந்தச் சிராய்க் குமி அம்மிணி? காட்டு, போலாம்," என்றாள் செல்லாத்தாளிடம்.

தூறலில் இரண்டு பேரும் பேட்டைக்கு இறங்கினார்கள். சிராய்மேல் குந்தி, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பினார்கள். மருதாத்தாள் ஒன்று சொல்ல, செல்லாத்தாள் தலையாட்டி மறுத்து வேறொன்றைப் பிடுங்கிக் காட்டினாள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சென்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றான்.

"உக்காருடா," என்றாள், திரும்பாமலே. "ஏனுங்க தரகரே, எலைய மூடிறாதீங்க. மோரு இருந்தா எடுத்து வெக்கச் சொல்லுங்க."

ஈரச் சிராய்மேல் இரண்டு முந்தானைகளும் ஒன்றாய்க் கிடந்து நனைந்துகொண்டிருந்தன.