நடேசன் கேட்ட கேள்வி

கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நான் ஆவடி, நடேசன் கரையான்சாவடி. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் ஒன்று லாரித் தண்ணீர், இல்லையென்றால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் வருகிற தண்ணீர். அப்படி இருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் போய், கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிற கருங்கல் வரிசையில் குந்திக்கொண்டு தூண்டில் போடுகிற பைத்தியங்கள் நாங்கள். வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் இருபத்து மூன்று பேர். எல்லாரும் அம்பத்தூர் எஸ்டேட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள். நான் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். நடேசன் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றிவரும் வேன் ஓட்டினான்.

ஓட்டினான் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

குழுவில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று நான் போடவேண்டும். காற்று எந்தத் திசை, தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், கலங்கலா தெளிவா, எல்லாம். வாடைக் காற்று அடித்தால் வெறும் பையோடு திரும்பவேண்டியதுதான். மேற்கிலிருந்து காற்று என்றால் கரையோரம் அலை படுத்துவிடும், தூண்டில் நினைத்த இடத்தில் போய் விழும். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தால் கொடுவா கல்லோரம் வரும். தெளிந்த தண்ணீரில் அது தூண்டில் நரம்பைப் பார்த்துவிட்டு விலகிப் போய்விடும், அவ்வளவு விவரமான மீன். இதெல்லாம் நாலைந்து ஆப்பைப் பார்த்தும், ஆறு வருஷம் அடிபட்டும் நான் கற்றுக்கொண்டது. பயல்கள் என்னை வானிலை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன். கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், ஒருத்தனும் 'ஃபெலிக்ஸ், நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டது கிடையாது. இங்கே இருபத்து இரண்டு பேர் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

போன மார்ச்சில் அந்தப் பெயருக்கு ஒரு அடி விழுந்தது. அலை அதிகமாக இருக்கும் என்று செய்தி பார்த்துவிட்டு, யாரும் போகாதீர்கள் என்று போட்டேன். கன்னியப்பன் மட்டும் கேட்கவில்லை. அவன் எங்கள் பக்கத்து ஷெட்டில் வெல்டர், வாய் கொஞ்சம் அதிகம். தனியாகப் போய் ஏழு கிலோ கொடுவாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மீனைக் கட்டிப்பிடித்தபடி ஒரு போட்டோ போட்டு, 'வானிலை அண்ணாத்தேவுக்குச் சமர்ப்பணம்' என்று எழுதினான். அதற்குப் பிறகு ஒரு மாசம் நான் எதைப் போட்டாலும் சிரிப்பு ஸ்டிக்கர்தான். நடேசன் ஒருத்தன் மட்டும்தான் சிரிக்கவில்லை. 'உட்றா மச்சான், நீ சொன்னா நான் போமாட்டேன், அவ்ளோதான்' என்று வேனிலிருந்து இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

மே மாசம் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வங்கக் கடலில் உருவான புயல் சென்னையைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, அனல் காற்றுதான். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு, கரையோரத்து மீனைக் கலைக்க ஆளில்லை. நான் ஆப்பைப் பார்த்தேன். விடிகாலையில் மேற்குக் காற்று, ஆறு மணிக்குத் தண்ணீர் ஏற்றம், லேசான கலங்கல். 'கொடுவாவுக்கு இதைவிட நாள் கிடையாது. கல்லு முனையில் நில்லுங்க' என்று போட்டேன். மறுநாள் என் மச்சினி மகளுக்கு ஆவடி சர்ச்சில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைச் சடங்கு, அதனால் நான் போக முடியாது. போக முடியாத வயிற்றெரிச்சலில் இன்னும் இரண்டு வரி அழுத்தியே எழுதினேன்.

சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினேன். திருமுல்லைவாயில் தாண்டும்போது போனில் ஒரு எச்சரிக்கை வந்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட அலை கடலுக்கு அடியோடு அடியாக வந்து, கரையில் திடீரென்று ஏறும். சத்தம் போடாமல் வருவதால்தான் அந்தப் பெயர். கல் மேல் யாரும் நிற்கவேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

அண்ணனூரில் ரயில் நின்றபோது நடேசனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக.

"மச்சான் ஃபெலிக்ஸு, நடேசன் பேசறேன். நாளைக்கு முனைக்குப் போலாமா? கடலு எப்டி கீது, கரெக்டா சொல்லு. வேணான்னா வேணான்னு சொல்லிடு, இழுத்துப் போத்திகினு தூங்கறேன். நீ சொன்னாதான் போவேன்."

மொத்தம் பதினான்கு நொடி.

எச்சரிக்கையை அவனுக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு விரல் தட்டுகிற வேலை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் கன்னியப்பன் மூஞ்சிதான் முன்னால் வந்து நின்றது. மத்தியானம் போ என்றவன் சாயங்காலம் போகாதே என்றால், மறுநாள் ஒன்றும் ஆகாவிட்டால், இன்னும் ஒரு மாசம் ஸ்டிக்கர் பார்க்கவேண்டும். இந்த மாதிரி எச்சரிக்கை வாரத்துக்கு ஒன்று வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆவடியில் இறங்குவதற்குள், சரி என்கிற கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன். வார்த்தைகூட இல்லை, வெறும் கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கன்னியப்பன்தான் சொன்னான். இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். கடல் தட்டு மாதிரி கிடந்ததாம். நடேசன் கடைசிக் கல்லில், இவன் பத்துப் பதினைந்து கல் பின்னால். ஆறே முக்காலுக்கு நடேசன் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டி நரம்பு விர்ரென்று ஓடியிருக்கிறது. அவன் திரும்பி இவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அப்போதுதான் தண்ணீர் ஏறியது. அலை உடையவில்லை, நுரை இல்லை, குடத்தில் தண்ணீர் நிரம்புவது போல ஏறி முட்டிவரை வந்தது. இரண்டாவது ஏற்றத்தில் கல் மட்டும்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் வடக்கே தள்ளி உடல் ஒதுங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரியாணிப் பந்தியில் இருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று, நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? முந்தைய நாள் குழுவில் போட்ட செய்தியை எல்லாருக்குமாக அழித்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். அந்த வரிசையை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. பழி எல்லாம் செத்தவன் தலையில் விழுந்தது. மீன் ஆசை பிடித்து முனைக்குப் போனான் என்றார்கள். அவன் அண்ணன் ஜானகிராமன் சாவு வீட்டிலேயே, "மப்புல நின்னுகினு இருந்திருப்பான், வேற இன்னா" என்றார். கல்லுக்குப் போகிற நாளில் நடேசன் சொட்டுக்கூடத் தொடமாட்டான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நடேசன் போட்டோவில் வேன் முன்னால் நின்றுகொண்டு சிரித்தான். சாப்பாடு முடிந்த பிறகு அவன் மனைவி யுவராணி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ண்ணா, அவரு கொரலு எதுனா உன் போன்ல கீதா? எங்களுக்கு எப்பவும் போன்தான் போடுவாரு, வாய்ஸ் அனுப்புனதே இல்ல. அவரு போனும் பாக்கெட்டோட கடல்ல பூட்சி. ஒரே ஒரு வாட்டி அவரு பேசறத கேக்கணும்ண்ணா. எனக்கு இல்லாட்டியும் வர்ஷாவுக்காவது."

"இல்லம்மா," என்றேன். யோசிக்கவே இல்லை, அப்படி வந்து விழுந்தது அந்தப் பொய்.

வர்ஷா அவர்கள் ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் சேரக் காத்திருந்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்தாள், போட்டோ பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. யுவராணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது இன்னும் அழுவலண்ணா. பூ போட சொன்னா போட மாட்டேங்குது. அவரு மேல கோவமா கீது. 'ஒரே ஒரு விசயம் சொன்னேன், அதக்கூட அப்பா செய்யல'ன்னு சொல்லுது. இன்னா விசயம்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

வானகரம் வழியாகத் திரும்பி வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு அந்தப் பதினான்கு நொடியைக் கேட்டேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்கால ரயிலில் கேட்டேன். அந்தக் குரலை அவர்களிடம் கொடுத்தால் அதன் கீழேயே என் கட்டைவிரலும் போகும். கொடுக்காவிட்டால், அவனைக் குடிகாரன் என்றும் பேராசைக்காரன் என்றும் சொல்லிச் சொல்லி ஊர் அதையே உண்மையாக்கிவிடும். அந்தப் பெண்ணும் அப்பன் மேல் கோபத்தோடேயே வளர்ந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு வாரம் போனைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை குழுவில் கன்னியப்பன் ஒரு வரி போட்டான். 'அண்ணாத்தே, நாளைக்கு எப்படி?'

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது, ஆறு வருஷமாக நான் பழக்கிவிட்ட கேள்விதானே. பதில் போடவில்லை. மறுநாள் சர்ச்சில் பூசைக்குப் போகாமல் கரையான்சாவடிக்குப் போனேன்.

மூன்று பேரும் இருந்தார்கள். ஜானகிராமன் நாற்காலியில், யுவராணி தரையில் கீரை ஆய்ந்துகொண்டு, வர்ஷா ஜன்னலோரம். நான் உட்காரவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நடேசன் கொரலு என்கிட்ட கீது."

போனை நடுவில் வைத்து அந்த மெசேஜைப் போட்டேன். மச்சான் ஃபெலிக்ஸு என்று அவன் கூப்பிட்டதும் யுவராணி கையிலிருந்த கீரை அப்படியே கீழே விழுந்தது. நீ சொன்னாதான் போவேன் என்று முடிந்தது. தெளிவான குரல், ஒரு இடத்திலும் குழறல் இல்லை. ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொரு வாட்டி போடுங்க அங்கிள்," என்றாள் வர்ஷா. போட்டேன்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். கட்டைவிரலை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். நான் மிச்சத்தையும் சொன்னேன். அந்த மெசேஜ் வருவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை வந்தது, இரண்டு தடவை படித்தேன், நாலு பேர் சிரிப்பார்களே என்று மறைத்தேன், அவன் செத்த அன்றைக்கே குழுவில் போட்டதை அழித்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரிஞ்சேவா?" என்றாள் யுவராணி. அண்ணா என்று சேர்க்கவில்லை.

"தெரிஞ்சேதாம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கீரையை ஒவ்வொரு தண்டாகப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தாள். ஜானகிராமன் எழுந்து வெளியே போனார். வர்ஷா என் போனை எடுத்து, அந்தக் குரலைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் அங்கிள் சொன்னேன். ஃபெலிக்ஸ் அங்கிள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்கப்பான்னு. அவருக்கு எல்லாம் தெரியும், அவரு சொன்னா நான் பயப்பட மாட்டேன்னு சொன்னேன். அப்பா சிரிச்சிட்டு பேசாம பூட்டாரு. கேக்காமலே பூட்டாருன்னு இத்தன நாள்..."

அம்மா பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருக்காரும்மா. நான் சொன்ன மாதிரியே அப்பா கேட்டிருக்காரு."

அப்போதுதான் அவள் அழுதாள். மூன்று வாரம் அழாத அழுகை. யுவராணி முறத்தைத் தள்ளிவிட்டு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என்னை யாரும் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. வர்ஷாவின் போனில் நடேசன் மறுபடியும் கேட்டான், கடலு எப்டி கீது, கரெக்டா சொல்லு என்று. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.