தண்ணீரில்லாத தொட்டி

ஞானம்மாள் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மீன் தொட்டியின் மூலையிலிருந்த பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது ரப்பர் நாடாபோலச் சுருண்டு மடியில் விழுந்தது.

"அடியில இன்னும் ஒட்டினு கீது பாரு," என்றார் கணவர் பால்ராஜ் கட்டிலிலிருந்து. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

டயாலிசிஸ் போதும் என்று அவர் சொல்லி ஒன்பது நாளாகிறது. ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து வெள்ளானூருக்கு வந்த அன்று, இந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் வந்தவர். ஞானம்மாளுக்கு மீன் என்றால் குழம்புதான். இத்தனை வருஷத்தில் தொட்டியை அவள் தொட்டதில்லை. அவரும் தொடச் சொன்னதில்லை.

போன வாரம் மூலை கசிந்து கட்டில்கால் வரை ஈரம் வந்தபோது, "மீனுங்கள கடைக்காரன்கிட்ட குட்த்துட்டு இத்த தூக்கிப் போட்ரு. உனக்கு எதுக்கு ரோதன," என்றார். அவள் மறுநாள் பஸ் ஏறிப்போய்ச் சிலிக்கான் வாங்கி வந்தாள்.

ஸ்பிரிட் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். மூலையில் சிலிக்கானைப் பிதுக்கினாள்.

"விரல சோப்புத் தண்ணில நனைச்சுக்க. ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தாத."

மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். வீடெல்லாம் சிலிக்கானின் வினிகர் நெடி பரவியது. அவர் தலையசைத்தது போலிருந்தது.

பிற்பகல் வெயில் காலித் தொட்டிக்குள் இறங்கிச் சுவரிலும் அவர் போர்வையிலும் அலை அலையாக நடுங்கியது. பால்ராஜ் கண்ணைத் திறந்தார்.

"தண்ணி உட்டுட்டியா?"

மீன்கள் குளியலறை பக்கெட்டில் இருந்தன. சிலிக்கான் காய இரண்டு நாளாகும். அதைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் தொட்டியைக் காட்டினார்.

"அதோ... அந்தப் பெர்சு மேல வந்து காத்து குடிக்குது."

"ஆமா," என்றாள் ஞானம்மாள். "நல்லா சுத்துது."

"ஒழுகல இல்ல?"

"ஒரு சொட்டுகூட இல்லங்க."

அவர் கை போர்வைமேல் மெல்ல வளைந்து வளைந்து நகர்ந்தது. பிறகு தூங்கிப்போனார்.

நாலு மணிக்கு அவள் டீயோடு வந்தபோது கண்கள் தொட்டியின் பக்கமாகத் திறந்திருந்தன. மூச்சில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அருகே உட்கார்ந்தாள். டீ ஆடை கட்டும்வரை யாரையும் கூப்பிடவில்லை.

ஐஸ் பெட்டி வந்ததும் மாடி வீட்டுத் திருமுருகன் தொட்டியில் கை வைத்தான். "பொட்டி வெக்க எடம் பத்தாதுக்கா. இத்த வெளிய வெச்சிரட்டா?"

"அசைக்காதப்பா. இன்னும் காயல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பெட்டியைக் குறுக்காகப் போட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அது என்ன புளிச்ச வாசனை என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஞானம்மாள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு சொம்புக்கும் மூலையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தாள். விரல் ஈரமாகவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மகள் ரோஷினி மீன்களைக் கொண்டுவந்து விட்டாள். அவை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, மெல்ல மெல்லக் கண்ணாடியோரம் வந்தன.

தீனி டப்பாவைத் திறந்தபோது ரோஷினி கேட்டாள்.

"எவ்ளோம்மா போடணும்?"

ஞானம்மாள் ஒரு சிட்டிகை எடுத்தாள். விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியைத் திரும்ப டப்பாவுக்குள் உதிர்த்தாள்.