அக்காவுக்கு ஆறு சுற்று

பன்னிரண்டு சுற்றுப் பந்தயத்தில் ஆளுக்கு ஆறு சுற்று என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்து நாலு வருஷமாகிறது. அப்போது அவர்கள் கையிலிருந்ததைக் கார் என்று சொல்லவே மனசு வராது. அக்கா லேத் ஓட்டும் பட்டறையின் பின்கட்டில், இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, இரண்டே பேர் உட்காரக்கூடியது, சக்கரமில்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. கழற்றுகிற வேலை மிச்சம் என்றான் தம்பி. அவன் பஸ் டிரைவர்.

பழைய காரைப் பந்தயத்துக்கென்று மாற்றி ரேஸ் ஸ்பெஷல் செய்வதில் முக்கால்வாசி வேலை கழற்றுவதுதான். இன்னொரு கதவும் போயிற்று, கூரை போயிற்று, மட்கார்டு நாலும் போயின. கனம் என்று ஸ்டார்ட்டர் மோட்டாரையும் எடுத்துவிட்டதால் இனிமேல் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். வண்டியின் பின்புறத்துக்கு அலுமினியத் தகட்டில் கூர்வால் ஒன்று செய்தார்கள். பிஸ்டனிலிருந்து சக்கர நட்டு வரை அக்கா கடைந்தது. தம்பியின் மனைவி தையற்காரி; இருக்கைகளுக்கு அவள்தான் உறை தைத்தாள்.

பெட்ரோலுக்குப் பழைய முறையையே வைத்துக்கொண்டார்கள். பின்னால் இருக்கிற டேங்குக்குள் கைப்பம்பால் காற்று அடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு வரும். பம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டபோது தம்பி யோசிக்கவே இல்லை. ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே கை பத்தாது, பம்ப் பக்கத்து இருக்கையோடு இருக்கட்டும் என்றான். அக்கா அப்படியே வைத்துவிட்டாள்.

பந்தயத்தன்று காலையில் வண்டிகளைச் சோதிக்க வந்தவர், பார்வையாளர் வரிசை அந்தப் பக்கம் என்று அக்காவுக்கு வழி காட்டினார்.

"இந்த வண்டியோட வாலைச் செஞ்சவ நான். எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

அவர் அசடு வழிந்துகொண்டே விதியைச் சொன்னார். வண்டி கிளம்பிய பிறகு அதில் போகிற இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஓட்டுகிறவர் மாறிக்கொள்ளலாம்.

முதலில் தம்பி. கொடி விழுந்தது. வண்டி போட்ட சத்தத்தில் அக்காவின் பல்லெல்லாம் ஆடியது. முகத்தில் எண்ணெய்த் தூறல், முதுகில் ஸ்பிரிங் குத்து, கையில் பம்ப். அடித்துக்கொண்டே எண்ணினாள். ஆறாவது சுற்று முடிகிற இடத்தில் தம்பி மனைவி 'இறங்குங்க' என்று எழுதிய பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்து நின்றாள். கை காட்டுகிற ஆளைக் காணாததுபோல் தாண்டிப் போகிற வித்தை பஸ் டிரைவருக்குத் தெரியாதா என்ன? தாண்டிப் போனான்.

"டேய், ஆறு ஆச்சு."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா. அந்தச் சிவப்புக் காரைப் பிடிச்சுட்டுத் தரேன்."

ஏழாவதில் பலகை தலைக்கு மேல் ஆடியது. சிவப்புக் கார் சிக்கவில்லை. எட்டாவதில் பலகைக்காரி தடுப்புக்கம்பி மேலேயே ஏறி நின்றாள். தம்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அக்கா பம்பிலிருந்து கையை எடுத்தாள். டிக்கெட் வாங்கிய பயணி மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அழுத்தம் காட்டும் முள் இரண்டில் இருந்தது, ஒன்றுக்கு வந்தது, படுத்தது. எஞ்சின் இருமியது. பிளக் போச்சு என்றான் தம்பி, மேக்னெட்டோ போச்சு என்றான், அப்புறம்தான் மடியைப் பார்த்தான்.

"அக்கா, பம்ப்."

"எனக்கென்ன தெரியும், நான் வெறும் பாசஞ்சர்."

வண்டி புல்லில் ஒதுங்கி நின்றது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. இறங்கித் தள்ளுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அக்கா பம்பை நாலு அடி அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்குக்கு நகர்ந்தாள். கிளம்பிட்டா நான் எப்படி ஏறுறது என்று கேட்டான்.

"ஓடி வந்து ஏறு. எத்தனை பேரை அப்படி ஏற வச்சிருக்க."

எஞ்சின் பிடித்தது. அவன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினான், தாவினான், தலை உள்ளேயும் கால் வானத்திலுமாக விழுந்தான். தலைகீழாகக் கிடந்தபடியே அவன் கண்ணில் பட்டது, இறங்கிக்கொண்டிருந்த முள். அப்படியே பம்பைப் பிடித்து அடித்தான்.

அக்கா ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! முப்பது வருஷமாக இரும்பு கத்துவதைக் கேட்ட காது அது. கியரை மாத்து, மாத்து என்று தம்பி கெஞ்சினான். அந்த பிஸ்டன் எதுவரை தாங்கும் என்று கடைந்தவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் கத்தவிட்டுத்தான் மாற்றினாள். வளைவில் பின்சக்கரம் வழுக்கியபோது அவன் கண்ணை மூடினான். அடுத்த வளைவில் திறந்தே வைத்திருந்தான். அதற்கடுத்ததில் சிரிக்க ஆரம்பித்தான், ஒரு பச்சைக் காரைத் தாண்டியபோது சிரித்த சிரிப்பில் பம்பின் தாளமே தப்பிப்போனது.

அப்படியே நாலு சுற்று. முடிவுக் கொடி அசைந்தது. கடைசிக்கு முந்தின இடம்.

"முடிஞ்சுதுக்கா, நிறுத்து."

"யாருக்கு முடிஞ்சுது? எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி."

மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கினார்கள். சிவப்புக் கொடி, மஞ்சள் கொடி, யாரோ ஒருவர் தொப்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆட்டினார்கள். அக்கா எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுக் காலியான பாதையில் வண்டியை முடுக்கினாள். சோதனைக்காரர் விதிப்புத்தகத்தோடு ஓடி வந்தார். தம்பி ஒரு கையால் அவருக்கு டாட்டா காட்டி, மறுகையால் பம்பை அடித்துக்கொண்டே போனான்.