ஆப்சென்ட் ஆன மாப்பிள்ளை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அறுபத்தொன்றில் சென்சஸ் எடுக்க எரியோட்டுக்குப் போயிருந்தேன். ஓர் அம்மாளிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன். மாட்டின் பெயரைக்கூடக் கேட்காமலே சொன்னவர், இதற்கு மட்டும் ஆறு வயது மகளைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா." மகள் சொன்னாள். சொல்லும்போது வெட்கப்பட்டாள்.

(எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என் அம்மா இன்றும் என் அப்பாவை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். பி.ஏ. என்ன செய்தது என்று கேட்காதீர்கள்.)

அந்த வெட்கத்தை அவளுக்கு யார் கொடுத்தது? அதைத் தேடித்தான் எழுதுகிறேன்.

2

மாலை வெயில் வெங்காயக் காட்டின் மேல் பொன்னாக

(வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலை இல்லை.)

ஐந்தாம் வகுப்புச் சட்டாம்பிள்ளை பேச்சாயி. அந்தப் பள்ளியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். தினமும் காலையில் இஞ்ஞாசி வாத்தியார் அட்டெண்டன்ஸை அவளிடம் கொடுப்பார். அவள் பெயர் கூப்பிட, ஒவ்வொரு தலையாக நிமிரும். அந்தச் சுகத்துக்காகவே காய்ச்சலோடும் பள்ளிக்கு வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண விளையாட்டு. மாப்பிள்ளை, தாய்மாமன் மகன் பொன்னுத்துரை, அதே வகுப்பு. பூவரச இலையில் பீப்பீ ஊத, கோரைப்புல்லில் தாலி கட்டினான். கட்டிய கையோடு காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஏண்டி, வெஞ்சனம் எங்க?"

பேச்சாயி ஓடிப்போய் மண்ணைப் பரிமாறினாள். இருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

(பத்து வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சல்.)

3

திங்கட்கிழமை.

"கருப்பணன்."

"உள்ளேன் ஐயா."

"சோலைமுத்து."

"உள்ளேன் ஐயா."

அடுத்த பெயரில் பேச்சாயியின் விரல் நின்றது. நேற்றுத்தானே கல்யாணம் ஆகியிருக்கிறது. அவள் அம்மா மூக்காயி கட்டினவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. தாண்டிப்போய் "மலைச்சாமி" என்றாள். பொன்னுத்துரைக்கு ஆப்சென்ட். செவ்வாயும் ஆப்சென்ட், புதனும். வியாழனன்று வாத்தியார் கவனித்துவிட்டார்.

"எதுக்கதான உக்காந்திருக்கான். கண்ணு தெரியலையா?"

"தெரியுது சார்."

"அப்பப் பேரச் சொல்லு."

"அவுக பேரச் சொல்லக் கூடாது சார்."

வகுப்பு உருண்டு சிரித்தது. பொன்னுத்துரை சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அவன் உன் பேரச் சொல்லலாமாக்கும்?"

"சொல்லலாம் சார். ஆம்பளைல்ல."

"சரித்தான். அட்டெண்டன்ஸ அவன்கிட்டக் குடு. இனி அவனே சட்டாம்பிள்ளையா இருக்கட்டும்."

4

பேச்சாயி கண்ணீர் மல்க

(மாட்டாள். நான் எழுதும் கதையில் அழமாட்டாள்.)

வாத்தியார் மனம் மாறி, பெண்கள் முன்னேற்றம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுவதாக முடித்தால் பத்திரிகையில் போடுவார்கள். அப்படி ஒரு வாத்தியாரை நான் பார்த்ததில்லை. ஆகவே பேச்சாயியிடமே விட்டேன்.

அவளுக்குக் கல்யாணம் தெரிந்த அளவு, அது அறுவதும் தெரியும். போன மாசியில் அவள் சித்தி சின்னக்கண்ணு, ஊர்க்கூட்டத்தின் முன்னால் துரும்பை ஒடித்துப் போட்டுத் தீர்த்துக்கொண்டு நிமிர்ந்து நடந்ததைப் பார்த்திருக்கிறாள்.

மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவினாள். பொன்னுத்துரை முன்னால் போய் இரண்டாக ஒடித்துப் போட்டாள்.

"அத்துப்போச்சு. இனி நீ எனக்கு மாமா மகன், அம்புட்டுத்தான்."

"நான் என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணல. எனக்குப் பேரு கூப்பிடணும்."

அட்டெண்டன்ஸைப் பிரித்தாள். "பொன்னுத்துரை." மூன்று நாள் சேர்த்துவைத்த சத்தம்.

வாத்தியார் அவனைப் பார்த்தார். "என்னடா, பதில் சொல்றியா, இல்ல நீ வந்து நோட்ட வாங்கிக்கிறியா?"

5

பொன்னுத்துரை எழுந்து நிற்கிறான். "உள்ளேன் ஐயா" என்றால் பதவி அவளுக்கு. கையை நீட்டினால் அவனுக்கு.

நானே எழுதிவிடுவேன். ஆனால் அது நான் ஆசைப்படும் பதிலாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால் அவனைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது அவன் சாப்பிட்டு முடித்திருந்தால், தட்டை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.