வழி கேட்க ஆளில்லாத தெரு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாள் முழுக்க ஓடிவிட்டு வந்திருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். ராஜா ராணி கதை கேட்காதீர்கள், இன்றைக்கு என்னிடம் அது இல்லை. ஒரு இங்கிலீஷ் வாத்தியார், அவருடைய அக்கா, ரெண்டு ஊர், அவ்வளவுதான் இருக்கிறது. நடுவில் தூங்கிப்போனாலும் எனக்கு வருத்தமில்லை. தூக்கம் வருகிற இடத்தில்தானே கதையும் இருக்கும்.

அந்த வாத்தியாருக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. கடல் தாண்டி ஒரு வேற்று நாட்டில், மெத்தைக் கடையின் மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில், வளர்ந்த ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து வந்தார். காலையில் வங்கிக்காரர்கள் வருவார்கள். பகலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள். சாயங்காலம் முடி வெட்டுகிறவரும் டாக்சி ஓட்டுகிறவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருவார்கள். "இவங்க இருக்கிற அலுப்புக்கு வகுப்பை மாடியில இல்ல, கீழ மெத்தைக் கடையிலயே வெச்சிருக்கணும்" என்பார் கூட வேலை பார்த்த ஒருவர்.

அவரும் நம் ஆள்தான். அவரை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏனென்றால் அந்த நிலையத்தில் வேலை வருஷத்துக்கு வருஷம்தான். அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்பதைக் கடைசி வாரத்தில்தான் வாய் திறந்து சொல்வார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் நாட்டில் தங்கும் அனுமதியும் அதோடு போச்சு. அதனால் அந்த மனுஷர் வந்த நாளிலிருந்து பெட்டியைப் பிரித்ததே கிடையாது. சட்டையைப் பெட்டியிலிருந்து எடுப்பார், துவைத்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பார். காகிதத் தட்டில்தான் சாப்பாடு. "பீங்கான் தட்டு வாங்குற அன்னிக்கு வேலை போயிடும் வாத்தியாரே, எழுதி வெச்சுக்குங்க" என்பார்.

வாத்தியாருக்கும் அந்த பயம் உண்டு. ஆனால் அவர் தனி ஆள் இல்லை. அக்கா கூட இருந்தாள். புருஷன் போன பிறகு தம்பியிடம் வந்தவள். ஊரில் இருந்த வீடும் எப்போதோ கை மாறிவிட்டது, திரும்பிப் போய்த் தலை சாய்க்க ஓர் இடமில்லை. இங்கே வந்த பிறகுதான் அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நரம்பு வாடுகிறது, மீட்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினாள். தினமும் நடந்தாள். கண்ணால் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அந்தத் தெருவைப் படித்தாள்.

வெளுப்புக் கடையிலிருந்து சோப்பு வாசனையோடு வெந்நீர் ஆவி வந்து முகத்தில் அடிக்கும். அதைத் தாண்டினால் ரொட்டிக் கடை. அப்புறம் நடைபாதையில் ஒரு கல் ஆடும், அதை மிதித்தால் மருந்துக் கடைக்குத் திரும்ப வேண்டும். செருப்பு தைப்பவரின் ரேடியோ இடக்காதில் கேட்டால் கடல் பக்கம். பார்வை முழுக்கப் போன பிறகும் ஒரு கோலைத் தட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போவாள், வருவாள். அந்த ஊர்ப் பேச்சையும் தெருவிலேயே கற்றுக்கொண்டு, நேற்றைய ரொட்டியை இன்றைக்குத் தள்ளிவிடப் பார்க்கிற கடைக்காரியோடு சண்டையே போடுவாள். வாத்தியாருக்கோ வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று சட்டம். அந்த ஊர் மொழியில் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும்தான் அவருக்கு வரும். எங்கேயாவது தகராறு என்றால் அக்காவைத்தான் முன்னால் விடுவார்.

இப்படி இருக்கையில் ஓர் அழைப்பு வந்தது. நாட்டின் உள்பக்கம், வெகு தூரத்தில், மண்ணைத் தோண்டித் தாது எடுக்கிற ஒரு கம்பெனி. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர நிரந்தர வாத்தியார் வேண்டும். ஓய்வு பெறுகிற வரைக்கும் வேலை. வீடு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. குடும்பம் கூடவே கம்பெனி வீட்டில்தான் இருக்க வேண்டும், அது அவர்கள் சட்டம். ஒரு நாள் வந்து மாதிரிப் பாடம் எடுங்கள், வீட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போங்க வாத்தியாரே! நிரந்தரம்! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்றார் மூட்டை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார் வாத்தியார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போகணுமாமா? அதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டே" என்று சிரித்தாள் அவள்.

"விளையாடாதக்கா. நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்றது? உன் வேலை, உன் இஷ்டம்."

"உனக்குப் பிடிக்கணும்ல?"

"எனக்கென்னடா, எங்க இருந்தாலும் ஒரு மூலை. உனக்கு எது சௌகரியமோ அதைச் செய்."

"நீ சொன்னாத்தான் நான் செய்வேன்."

"நீ முடிவு பண்ணு. நான் வரேன்."

நம் வீடுகளில் இருக்கிற வியாதிதானே இது, கண்ணுகளா? தட்டில் கடைசித் துண்டு ஒன்று இருந்தால், நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் எறும்புக்கு விட்டுவிடுவோம். அன்பு இல்லாமலா? அன்பு கூடிப்போய்த்தான். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர் மனசு நோகுமே என்று இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. மரம் குறைந்தது, வீடு குறைந்தது, அப்புறம் வளைவே இல்லாத சாலை. இறங்கிய இடத்தில் கம்பெனி வண்டி வந்து வீட்டு வாசலில் விட்டது. வீடு ஜில்லென்று இருந்தது. நாற்காலி, கட்டில், விரிப்பு, அடுப்படியில் டம்ளர் வரைக்கும் எல்லாம் கம்பெனியே வைத்திருந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"ராஜ உபசாரம்டா தம்பி. நீ போய்ப் பாடம் எடு. நான் இந்த வாசலைக் கொஞ்சம் பழகிக்கறேன்."

வாத்தியார் அன்று எடுத்தது வழி கேட்பது எப்படி என்கிற பாடம். எத்தனையோ தடவை எடுத்தது, தூக்கத்தில் எழுப்பினாலும் எடுப்பார். படத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு தபால் ஆபீஸ், ஒரு பூங்கா, ஒரு முக்கு. எதிரே வேலை முடித்து வந்தவர்கள், தலைமுடியில் செம்மண்ணோடு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய் இடது பக்கம் திரும்புங்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சொல்ல வைத்தார். பின்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

"சார், இங்கே எதுக்கு சார் வழி கேக்கணும்? வண்டி வரும், ஏத்தும், இறக்கும். தெருவில் யாரும் நடக்கிறதே இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். பாடம் நன்றாக இருந்தது என்று மேலதிகாரி கை குலுக்கி, கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருக்கிறது, அக்காவைக் காணோம்.

தெருவில் இறங்கி "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் குளிரூட்டும் மெஷின் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருந்தது, அவர் குரல் அவருக்கே எட்டவில்லை. கடை இல்லை, நடைபாதை இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஜீவன் இல்லை. ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிப் படிகள். சற்று முன்தான் எல்லோருக்கும் வழி கேட்கச் சொல்லிக் கொடுத்த மனுஷர், கேட்க ஆளில்லாமல் நடுத்தெருவில் நின்றார். பிறகு ஓடினார், ஓடுகிற வயசா அவருக்கு? கதவு கதவாகத் தட்டினார்.

ஒரு கதவுக்குள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"யாருய்யா நீ? என் தம்பி வீட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை? கிட்ட வந்த, மண்டை உடைஞ்சிடும்!"

உள்ளே, ஆறடி உயரத்தில் ஒரு தொழிலாளி, ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அது அவருடைய வீடு. அக்கா அவருடைய நாற்காலியின் முன்னால் கோலை ஓங்கிக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்றால், வாசலைப் பழகப்போனவள் திரும்பும்போது வேறு வீட்டுப் படி ஏறிவிட்டாள். அங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. கைப்பிடி அதேதான், விரிப்பு அதேதான். தாகம் எடுத்து அடுப்படிக்குப் போனால் அதே இடத்தில் அதே டம்ளர். நம் வீடுதான் என்று தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் வேறெங்கிருந்தோ வந்தவர், உள்ளூர்ப் பேச்சு தெரியாது, கொஞ்சம் இங்கிலீஷ்தான் வரும். வாத்தியார் அதில் எல்லாவற்றையும் விளக்கி மன்னிப்புக் கேட்டார். அந்தத் தொழிலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவரே ஒரு நாள் வேலை முடிந்த அசதியில் அடுத்தவர் கட்டிலில் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறாராம், ரெண்டு கண்ணும் நன்றாக இருந்தும். அதைத் தமிழில் சொன்னதும் அக்காவும் சிரித்தாள். "நல்ல மனுஷன். பாவம், பயந்துட்டாரு. இன்னொரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போகட்டுமான்னு கேளு."

சிரித்தாள்தான். ஆனால் திரும்பி நடக்கும்போது தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தெருவில் அவள் யார் கையையும் பிடித்ததில்லை. வாத்தியார் அதைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி நடந்தார்.

மறுநாள் பஸ் ஏறித் திரும்பினார்கள். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுடறேன்க்கா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. உனக்கு நல்லது."

"எனக்காகவா போடற?"

"பின்ன யாருக்காக? எனக்கு அந்த ஊர் புடிச்சிருக்குன்னா நினைச்ச?"

"அடப்பாவி, உனக்காகத்தானடா நான் பஸ் ஏறினேன்! வருஷா வருஷம் நீ அந்தக் கடைசி வாரத்துல சோறு இறங்காம கிடக்கறது எனக்குத் தெரியாதா? கண்ணு தெரியலன்னா காதுமா கேக்காது?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கோலை மடியில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எனக்கு இது வேண்டாம் என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அதைச் சொல்ல அவளுக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

"தம்பி, எனக்கு வேண்டாம்டா."

அவர் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு போனப்போ நான் அழல. காலு இருக்கு, பழகிக்கலாம்னு இருந்துச்சு. அங்க பழகிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லடா. வாசனை இல்ல, சத்தம் எல்லாம் ஒண்ணு, திட்டறதுக்குக்கூட ஒரு கடைக்காரி இல்ல. நீ காலைல போவ, சாயங்காலம் வருவ. அதுவரைக்கும் யாரோட நாற்காலில உக்காந்திருக்கேன்னே எனக்குத் தெரியாது."

"அடுத்த வருஷம் வேலை இல்லன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா கிளம்புவோம். மூட்டைகிட்ட ஒரு பெட்டி கடன் வாங்கிக்கலாம், அவர்தான் எப்பவும் தயாரா வெச்சிருக்காரே."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்தப் பழைய பயமும் வந்தது. பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். காகிதம் கையெழுத்தில்லாமலேயே திரும்பிப் போனது.

அந்த வேலைக்கு யார் போனார்கள் தெரியுமா? மூட்டைதான். போய்க் கொஞ்ச நாளில் போனில் பேசினார். "வாத்தியாரே, பெட்டியைப் பிரிச்சுட்டேன்! பீங்கான் தட்டு ஒரு டஜன் வாங்கியாச்சு!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட வர ஆளுதான் இல்ல" என்றார்.

இங்கே அந்த வருஷம் கடைசி வாரத்தில், இருக்கலாம் என்று சொன்னார்கள், ஆனால் பாட நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதை ஈடுகட்ட வாத்தியார் விடியும் முன்னே ஒரு கப்பல் ஆபீஸுக்கும் போய்ப் பாடம் எடுக்கிறார். மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் இருக்க விடுவார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் சாயங்காலம் அவர் இறங்கி வரும்போது மெத்தைக் கடை வாசலில் அக்கா கோலோடு நிற்பாள், கையில் சண்டை போட்டு வாங்கிய அன்றைய ரொட்டியோடு. அலுத்துப்போன மனுஷர் பேசாமல் அவள் பின்னால் நடப்பார். ஆடும் கல் வந்ததும் "பாத்து வாடா" என்பாள் அவள், கண் தெரிகிறவரிடம்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிவிட்டது. நீங்கள் ஏறுகிற படி எப்போதும் உங்கள் வீட்டுப் படியாகவே இருக்கட்டும். வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். உழைத்த கைக்கு வேலை நிலைக்கட்டும், வீடு திரும்ப நேரமானால் வாசலில் ஒருவர் நிற்கட்டும். உங்கள் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே தட்டில் கடைசித் துண்டைப் பங்கு போட்டுத் தின்று, நன்றாக இருங்கள்.