ஆத்தோரம் எழுதியவர்

...தலைப்பு அதேதான், 'ஆத்தோரம்', அவர் வைத்த பெயர், பக்கத்தில் அதே கொக்குப் படம், கீழே எழுதியவர் பேர் மட்டும் சுருளிராஜன் என்று... அச்சுப்பிழையோ? குரியாக்கோஸ் பேப்பரை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். கம்பத்தில் பால்பாண்டியின் சலூன், ஞாயிற்றுக்கிழமைக் காலை, கழுத்தில் துணி, கன்னமெல்லாம் நுரை, எழுந்து போகவா முடியும்? அனுப்பிய பத்தி எங்கே? அணைச் சண்டையில் எல்லையில் வண்டி நின்றதும் ஏலத்தோட்டத்துக்கு மலையேற வழியில்லாமல் நிற்கிற இந்த ஊர்ப் பெண்களைப் பற்றித்தானே எழுதினார், அணை யாருடையது என்று ஒரு வரிகூட இல்லையே... போன ஞாயிறு அது வராதபோது ஏன் போடவில்லை என்று போனில் கேட்டதற்கு, "ஒரு வாரம் பொறுங்க சார், சூடு அடங்கட்டும், நான் இருக்கேன்ல" என்றான் சுருளிராஜன். நான் இருக்கேன்ல... இதற்குத்தான் இருந்தானா?

அந்தப் பேப்பரின் தேனி ஆபீசில் அவனைச் சேர்த்துவிட்டதே குரியாக்கோஸ்தான், அவனுக்குப் பெண் கேட்டு வடுகபட்டிக்குப் போனதும் அவர்தான். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக் காஞ்சிரப்பள்ளியிலிருந்து ஏலக்காய்க் கடைக்குக் கணக்கெழுத வந்து, பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்து, இந்த ஊர் சொர்ணலதாவைக் கட்டி, வாராவாரம் எழுதி, இரண்டு புத்தகமும் போட்டு... எல்லாம் இங்கனதானே, தமிழில்தானே, நீ பாண்டிக்காரனாகிவிட்டாய் என்று சொந்த அண்ணனே பேச்சை நிறுத்தினானே... இப்போது சுருளிராஜன் எழுதியிருக்கிறான், இங்கே உப்பைத் தின்றுவிட்டு அங்கே வாலாட்டும் சிலர் நம் நடுவிலேயே பேனா பிடித்துத் திரிகிறார்களாம். பேர் போடவில்லை, போட வேண்டுமா என்ன? நடைகூட அவருடையதுதான், வாக்கியம் வாக்கியமாக அவரைப் போலவே எழுதி அவரையே...

"இந்த வாரம் பிரமாதம் சார்." பால்பாண்டி தாடையை நிமிர்த்திப் பிடித்தான். "காலையிலயே டீக்கடையில சத்தமா வாசிச்சாக. ஆத்தோரம்னா நீங்கதானே! இத்தன வருசத்துல இப்பத்தான் நம்மூருக்காரு கணக்கா எழுதிருக்கீக."

தொண்டைக்கு மேலே கத்தி. நான் எழுதவில்லையப்பா, என்னைத்தான் எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம், வாய்க்குள் வந்தும்விட்டது, அதற்குள் தலை ஆடிவிட்டது, ஆமாம் என்பதுபோல. "ஆட்டாதீக சார், வெட்டிரும்." ஏன் ஆட்டினார்? கத்திக்குப் பயந்தா, ஊருக்குப் பயந்தா? இல்லை... நம்மூருக்காரு என்று அவன் சொன்னதும், அந்த ஒரு நொடி, உள்ளே என்னவோ குளிர்ந்துபோனதே... அதைச் சுருளிராஜன் தலையில் எப்படிப் போடுவது?